நலம் விசாரித்த காவல்காரன்

சாரி-கெச்சூ ஊரின் ஆற்றோரத்தில் குடியிருக்கும் அத்தனை பேரின் உயிருக்கும் சேர்த்து மாத விலை ஒன்பதாயிரம் சோம். அதுவும் மூன்று மாதமாகப் பாக்கி. மேலே பனிப்பாறை ஏரிக்குப் பக்கத்தில் குடிசை போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லும் தாஷ்தெமிருக்கு நகராட்சி ஒப்புக்கொண்ட சம்பளம் அது. அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு கிடா கூட வாங்க முடியாது.

பேரிடர் தடுப்புப் பிரிவின் தலைவி புருல்கான் இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தாள். "வராத வெள்ளத்துக்கு எவ்வளவுதான் கொட்டுறது?" என்பார் நகராட்சித் தலைவர் எர்கேஷ்பாய். அடுத்த நிமிடம் தன் அலுவலகத்துக்குப் புதுத் திரைச்சீலை வாங்கத் தீர்மானம் போடுவார்.

புருல்கான் ஓஷ் நகரச் சந்தையில், துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பவனைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போடுவாள். ஊரில் அவளுக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அந்த ஜூலை மாதச் சனிக்கிழமை எர்கேஷ்பாயின் மகளுக்குக் கல்யாண விருந்து. ஆற்றங்கரை வாதுமைத் தோப்பில் மேசைகள் போட்டாயிற்று. காலையிலேயே அவர் ஒரு பொட்டலம் பலகாரத்தோடு புருல்கானின் அறைக்கு வந்தார்.

"அக்கா, சைரன் ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஏன் கேக்குறீங்க?"

"இன்னிக்கு ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும். போன வருஷம் ஒத்திகைன்னு ஊத விட்டீங்க. கவர்னர் மடியில சூப் கொட்டுச்சு. இன்னிக்கும் அவர் வர்றாரு."

"சூப்தானே கொட்டுச்சு."

"இன்னொரு தடவை சும்மா ஊதுச்சுன்னா, திங்கக்கிழமை இந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்றேன். ஆனா சொல்லிட்டேன்."

அவள் பலகாரத்தை வாங்கிக்கொண்டாள், சாவியைக் கொடுக்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, "மேல உங்க தாஷ்தெமிருக்கும் நேத்தே ஒரு ஆட்டுத் தொடை அனுப்பிட்டேன். பாவம், தனியா கிடக்கான்" என்றார்.

அவள் பலகாரத்தைக் கடிக்காமல் கீழே வைத்தாள். சொந்த மாமியாருக்கு எலும்பு போடவே யோசிக்கிற மனிதன், மலை மேல் கிடக்கும் காவல்காரனுக்குத் தொடை அனுப்புகிறானா? எதற்கு விலை அது? வாயைத் திறக்காமல் இருப்பதற்கா?

நண்பகலில் தாஷ்தெமிரின் வழக்கமான அழைப்பு வந்தது. வழக்கம் என்றால், முதலில் "பேட்டரி எங்க, பூட்ஸ் எங்க, என் சம்பளத்தை அந்த ஆளு தின்னுட்டானா" என்று கால் மணி நேர வசவு. கடைசியில்தான் தண்ணீர்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? முட்டி வலி தேவலையா?"

புருல்கான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். அவன்தான்.

"என்னடா புதுசா?"

"புள்ளைங்க சுகமா? மாடு கன்னெல்லாம்?"

"என் மாட்டைப் பத்தி உனக்கு எப்பலேருந்து கவலை? தொடை நல்லா இருந்துச்சா?"

"எந்தத் தொடை? இங்க யாரு என்ன அனுப்புறா? அது கிடக்கட்டும் அக்கா. நீங்க தைரியமான பொம்பள. ஊரே சொல்லும்."

புளுகுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள். இருந்தாலும் ஒரு தூண்டில் போட்டாள். "சம்பளம் இந்த வாரமும் வராதுடா."

"பரவாயில்லைக்கா. பணம் என்ன பணம்."

தாஷ்தெமிர் காய்ச்சலில் உளறும்போதும் காசைத்தான் உளறுவான்.

"தண்ணி எப்படி?"

"ஆத்துல இறங்கிருச்சுக்கா. அதைப் பத்தி நீங்க கவலையே பட வேணாம்."

சரிதான், விலை போய்விட்டான். அவன் பொய்யைக் கையோடு பிடிக்கலாம் என்று ஜன்னலுக்குப் போனாள். ஆனால் ஆறு உண்மையிலேயே மெலிந்து கிடந்தது. நனைந்த கற்கள் வரிசையாக முதுகு காட்டின. ஜூலை வெயிலில் பனி உருகி, மண் நிறத்தில் கரையை இடிக்க வேண்டிய நேரம் அது.

சரக்கு அசல். அப்படியானால் விற்கிறவன் ஏன் இவ்வளவு குழைகிறான்?

"மனுஷன்னு பொறந்தா எல்லாருக்கும் ஒரு நாள் வரும், இல்லையாக்கா? ராஜாவுக்கும் வரும், மேய்ப்பனுக்கும் வரும்..."

புருல்கானின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. அந்த மலைகளில் சாவை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. குசலம் விசாரித்து, தைரியத்தைப் புகழ்ந்து, உலக நியாயம் பேசி, கேட்கிறவரே புரிந்துகொள்ளும் வரை சுற்றிச் சுற்றி வருவார்கள். மேலே அவளுக்கு உறவென்று இருந்தது ஒருவன்தான். ஏரிக்குக் கீழே, ஆட்டு மந்தையோடு கூடாரம் போட்டிருந்த தம்பி கதிராலி.

கேள்வி பல் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"தாஷ்தெமிர், யாருன்னு இப்ப சொல்லாத. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. மலை சரிஞ்சுதா?"

"சரிஞ்சுதுக்கா. காலையில."

"எங்க?"

"கூடாரம் இருந்த இடத்துல..."

"கூடாரத்தை விடு! ஆத்துல விழுந்துச்சா?"

"இடுக்கு முழுசா அடைச்சிருச்சு. அதான் தண்ணி வரல. கீழ கல்யாணம் வேற, நல்லதுதானேன்னு..."

"தண்ணி எங்கடா போகும்? பின்னால சேருது! ஓடிப் போய்ப் பாரு."

அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "அக்கா, சரிஞ்ச மண்ணு மேல வழிய ஆரம்பிச்சிருச்சு."

சாவியைக் கையில் எடுத்த பிறகும் சந்தேகப் பிராணி சும்மா இருக்கவில்லை. இந்த மண் ஒரு வாரம் தாங்கினால்? கவர்னர், சூப், திங்கட்கிழமை, நாற்காலி. தாங்காவிட்டால் தோப்பில் ஒரு தலை மிஞ்சாது. அவள் பூட்டைத் திறந்து சைரனை முடுக்கினாள்.

ஊரே அதிர ஊதியது. தோப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாட்டுக்காரர்கள் சைரனுக்கு மேலே சத்தம் கூட்டினார்கள். எர்கேஷ்பாய் வியர்த்து ஓடி வந்தார்.

"அக்கா, கவர்னர் இருக்காரு!"

"இருக்கட்டும். சாயங்காலமும் இருக்கட்டும்னுதான் ஊதுறேன்."

இறைச்சி பங்கு போடாமல், மூத்தவர் கை விரித்து வாழ்த்தாமல், சாரி-கெச்சூவில் யாரும் விருந்தை விட்டு எழ மாட்டார்கள். முதலில் எழுந்தவன் என்ற பேச்சு வாங்குவதைவிட மூழ்கிப் போவது மேல் என்று நினைக்கிற ஜனம். புருல்கான் தோப்புக்கு ஓடி, பாட்டுக்காரர்களின் மைக்கைப் பிடுங்கினாள்.

"பெரியவரே, வாழ்த்துங்க. இப்பவே."

முதல் இருக்கையில் இருந்த கிழவர் கண்ணைச் சுருக்கினார். "இறைச்சி இன்னும் வரலையேம்மா?"

"கல்லறை மேட்டுல பரிமாறுறோம். முதல்ல ஏறுறவங்களுக்குத் தொடை!"

கிழவர் கைகளை விரித்தார். எல்லோரும் விரித்தார்கள், முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். நான்கு பேர் இறைச்சிக் கொப்பரையைக் கழியில் மாட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அந்த ஆவியைப் பிடித்தபடி கவர்னர் உட்படக் கூட்டம் மேடேறியது. தெருப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி மிச்சம் பேரைக் கிளப்பினார்கள்.

கொப்பரையை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதலில் சத்தம் வந்தது. பிறகு சேறும் பாறையுமாக ஆறு வந்து தோப்பை, மேசைகளை, ஆற்றோர நகராட்சி அலுவலகத்தின் புதுத் திரைச்சீலையை எல்லாம் வாரிக்கொண்டு போனது. எர்கேஷ்பாய் மகளின் முக்காட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டிப் போகும்போது புருல்கான் கேட்டாள்:

"அந்த ஆட்டுத் தொடையை யார் கையில குடுத்து அனுப்புனீங்க?"

"அது... அனுப்பணும்னு நினைச்சேன்க்கா."

அவள் தெருத் தெருவாகத் தலை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். பிறகு கூட்டத்தை விட்டு விலகி, ஒரு கல்லறையின் ஓரம் உட்கார்ந்து தாஷ்தெமிரை அழைத்தாள்.

"இப்ப சொல்லுடா. முதல்லேருந்து, மெதுவாவே சொல்லு."

"அக்கா," என்றான் அவன். "முட்டி வலி தேவலையா?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆற்றோரக் குடிகள் நானூற்றுப் பதினாறு, வெளியூர் விருந்தாளிகள் முன்னூற்றுப் பத்து. மேடேறியவர்கள் எழுநூற்று இருபத்தாறு. ஊர்க் கணக்கு நேர். நகராட்சி தர வேண்டியது மூன்று மாதச் சம்பளமும் ஒரு ஆட்டுத் தொடையும். மலை தர வேண்டியது ஒரு தம்பி.