எண் இல்லாத நாலு மாத்திரை

கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மருந்துக்கடைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொத்த வியாபாரி போனில் அனுப்பியிருந்த அறிவிப்பு அப்படி. சளி மாத்திரையில் ஒரு பேட்ச்சில் ஏதோ மாசு கலந்திருக்கலாமாம், விற்காமல் திருப்பி அனுப்ப வேண்டுமாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போட்டிருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

இழுப்பறையைத் திறந்தாள். வெட்டி விற்றதுபோக மிஞ்சிய அட்டைத் துண்டுகள் இரண்டு கிடந்தன. இரண்டிலும் நாலு நாலு மாத்திரை. ஒன்றில் அந்தப் பாழாய்ப்போன பேட்ச் எண், இன்னொன்றில் வேறு எண். நேற்று சாயங்காலம் எதிர் வரிசைத் தையல்காரருக்கு நாலு வெட்டிக் கொடுத்தாளே, அது எதிலிருந்து? தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு ஒற்றையோடு நடமாடுகிற மனிதர் அவர், தெருவுக்கே தெரியும்.

எண் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே நிற்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுவது அவளுடைய பத்து வருஷப் பழக்கம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்திருந்தாள், மகராசி! வாங்கிப் போகிறவர் கையில் வெறும் வெள்ளித்தாள்தான் இருக்கும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு துண்டுகளோடும் ஓடினாள். ஒன்றும் சொல்லாமல் வேறு மாத்திரை கொடுத்து மாற்றிக்கொண்டால் என்ன என்று தெருவைத் தாண்டும்போதே மனசு குறுக்குவழி தேடியது. தையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்து, "என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டதும் பொய் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று போட்டிருந்தார். திட்டுவார் என்று பார்த்தால், தன் அட்டையை எடுத்து வெட்டும் மேசையில் வைத்தார். ஒட்டுப்போடத் துணியைப் பொருத்திப் பார்க்கிற மாதிரி, அவள் கொண்டுவந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அதன் ஓரத்தோடு சேர்த்துப் பார்த்தார். அவள் கத்தரி எப்போதும் கோணல்மாணலாகத்தான் போகும். நல்ல எண் இருந்த துண்டு இடைவெளி விட்டது. மற்றது இம்மி பிசகாமல் பொருந்தியது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி பிடிக்கிறேன், நானும் கூட வருகிறேன் என்று தவித்தாள். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தன் அட்டையின் மறுபக்க ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதுவும் கோணல் வெட்டுத்தான்.

"ஒரு அட்டைக்கு எத்தனை?"

"பத்து."

"உன்கிட்ட நாலு, எனக்குக் கொடுத்தது நாலு. ஆஸ்பத்திரிக்கு நான் போய்க்கிறேன். மிச்சம் ரெண்டை யாருக்கும்மா கொடுத்தே?"

அவளுக்கு நேற்று கடைக்கு வந்த முகங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.