பின் சக்கரங்கள்

…ரப்பர் நெடி என்றால் தோட்டத்தில் அடிக்குமே அந்தப் புளித்த நெடி இல்லை, இது வேறு, கருகினது, புதுசு, தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்கிறது, எழுந்து வெளியே போகலாம் என்றால் மழை, மழை விட்டாலும் எங்கே போய் நிற்பது, நாலு எட்டு வைத்தால் துக்காங் எமாஸ் தெரு, பிள்ளையார் கோயில், ஆனால் தம்பி போன பிறகு கமலவேணி கோயில் பக்கம் போகவில்லை, தீட்டு கழிந்த பிறகும் போகவில்லை, போய் என்ன கேட்பது, எதைக் கொடு என்று கேட்பது… இந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருக்கலாம். புருஷன் டயர் வாங்குகிற கடையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கடைக்காரர் ஷரீஃபுதீன் நானாவுக்குக் கூடத் தோன்றியிருக்கும், அதனால்தான் காப்பி வரவழைத்துக் கொடுத்தார், அது ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கிறது. நீயும் வா வேணி, பக்கத்து சீட்டில ஆள் இருந்தாத்தான் வண்டி எப்படித் திரும்புதுன்னு தெரியும், என்று கூட்டிக்கொண்டு வந்தார் ராஜரத்தினம். அவருக்கு அவள் எடை வேண்டும். ஒரு மூட்டை அரிசியை ஏற்றினாலும் போதும் அவருக்கு. ஆனாலும் வந்தாள். கூப்பிட்டால் வருகிற பழக்கம்தான், வேறென்ன.

சுங்க இலாகாவில் அவர் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள், இங்கே வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தரையில் குந்தியிருக்கிறார், டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டு விட்டு எடுக்கிறார், ஒவ்வொன்றாக, காய்ச்சல்காரப் பிள்ளையின் நாக்கைப் பார்ப்பதுபோல அவ்வளவு கவனமாக. அந்தக் கார் மட்டும் இல்லாமலிருந்தால்… துரை கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் விற்றுவிட்டுப் போன கார். கொடி மாறின வருஷம், வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டின வருஷம், ஒருத்தர் நாய்க்குட்டியை விட்டுப்போனார், ஒருத்தர் பியானோவை விட்டுப்போனார், இவருடைய துரை விட்டுப்போனது இரண்டு. ஒன்று நாற்காலி, அதில் இவர்தான் உட்காரப் போகிறார் என்று அப்போதே பேச்சு. இன்னொன்று இந்தப் பச்சை எம்ஜி. தாழ்ந்து, நீண்ட மூக்கோடு, துணிக்கூரையோடு, இரண்டே பேர் உட்காரும் கார். அவர்கள் குடியிருக்கும் காஜா பெராங் முழுக்க வந்து பார்த்தது, பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து மலாயில் கூவிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். யாரையும்விடத் தம்பி தியாகுதான் சந்தோஷப்பட்டான். அக்கா புருஷன் கார், அவனுடைய கார் மாதிரி. ஞாயிற்றுக்கிழமையானால் வாளியும் துணியுமாக வந்துவிடுவான், சக்கரத்தின் கம்பிகளுக்குப் பின்னாலெல்லாம் கையை விட்டுத் துடைப்பான்… கம்பியா? இந்தக் காருக்குக் கம்பிச் சக்கரமில்லையே, தகடுதான், ஓட்டை போட்ட தகடு. பார், அதற்குள் மறந்துபோகிறது. அவன் கை மட்டும் ஞாபகமிருக்கிறது, சோப்பு நுரையோடு. மாமா ஒரு தடவ, ஒரே தடவ, தெருக்கோடி வரைக்கும், என்று கெஞ்சுவான். இவர் சிரித்துக்கொண்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஒரு நாள் கொடுத்தார். அப்படித்தான் சொன்னார். ஊருக்கு வெளியே செங் ரோட்டு வளைவில் கார் சுழன்று பள்ளத்துக்குள் போய் ரப்பர் மரத்தில் மோதியபோது ஓட்டினது தியாகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவர். இன்ஸ்பெக்டரிடம் அப்படித்தான் சொன்னார், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார், அம்மாவிடம் காலடியில் உட்கார்ந்து அப்படித்தான் சொன்னார், அவன் கெஞ்சினான் அத்தை, மனசு கேக்கல, சாவியக் குடுத்துட்டேன், அது என் தப்புதான் அத்தை. அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். பெற்ற பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது மாப்பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள், நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ள, அவன் துடுக்குப் பய… அதை இப்போது நினைக்க வேண்டாம். மழையைப் பார்க்கலாம். தகரக் கூரைமேல் என்ன சத்தம், கடைக்குள் பேசுவது அரைகுறையாகத்தான் கேட்கிறது, அதுவும் நல்லதுதான், டயர் பேச்சுதானே, முன்னால் எவ்வளவு காற்று, பின்னால் எவ்வளவு காற்று…

மழை கொஞ்சம் அடங்கினது. அவ்வளவுதான் நடந்தது. மழை மட்டும் அடங்காமல் இருந்திருந்தால் அவள் காதில் விழுந்திருக்காது. நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு வருஷம்போல இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருக்கிறார் நானா, விபத்து நடந்தது தெரியும், ஒரு பையன் போய்விட்டான் என்று தெரியும், மற்றது எதுவும் தெரியாது. அது எப்படி ஆயிற்று என்று கேட்ட அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார் ராஜரத்தினம், பரீட்சையில் தப்பான கணக்கைப் பிறகு சரியாகப் போட்டுக் காட்டுகிறவர்போல.

"முன்னால புதுசு ரெண்டு, பின்னால தேஞ்சது ரெண்டு. அப்படிப் போட்டிருந்தேன் நானா. முன் சக்கரம் ரோட்டப் புடிச்சுக்கிட்டாப் போதும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான்லா போடுறாங்க."

"அதான் தப்பு. முன்னால புடிக்கும், பின்னால புடிக்காது. செங் வளைவுல ஈர ரோடு. பாதி திரும்புனதுக்கப்புறந்தான் வேகம் அதிகம்னு தெரிஞ்சிச்சு. பயந்துட்டு சட்டுனு மிதியிலருந்து கால எடுத்துட்டேன். எடுத்ததும் பின்பக்கம் லேசாயிடுச்சு நானா… முதுகுக்குப் பின்னாலருந்து யாரோ எந்திரிச்சுப் போற மாதிரி. ஸ்டேரிங்க எதிர்ப்பக்கம் ஒடிச்சேன், கேக்கல."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டேரிங்கைப் பிடித்து, ஒடித்துக் காட்டினார். தோள் சாய்ந்தது. கண் எங்கோ இருந்தது. நானா நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, ஆண்டவன் ஒங்களயாச்சும் காப்பாத்துனானே, நாலும் ஒரே மாதிரி போட்டுக்குங்க தம்பி, உள்ள கம்பி வல வச்சது புதுசா வந்திருக்கு, என்று உள்ளே போனார்.

எடுத்துட்டேன் என்றாரா, எடுத்துட்டான் என்றாரா. மழையில் ஒரு எழுத்து மாறிக் கேட்காதா என்ன. ஒடிச்சேன், அது? அதுவும் மாறிக் கேட்டதா? வேறு ஏதோ ஒரு நாளைச் சொல்கிறார், அந்த வளைவில் அவர் எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஒருநாள் லேசாகச் சறுக்கியிருக்கும், அதைச் சொல்கிறார், இருக்கலாமே… ஆனால் நானா விபத்தைப் பற்றித்தானே கேட்டார். அந்தக் கை. அந்தக் கை பொய் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவனுக்கு மிதியிலிருந்து கால் எடுபட்டது எப்படித் தெரியும், ஸ்டேரிங் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும். ஐயோ, காப்பியைக் குடி, எதையாவது செய், அவர் இந்தப் பக்கம் திரும்புகிறார், முகத்தை வைத்துக்கொள்…

கன்றல். நெஞ்சுக்குக் குறுக்கே நீலமாக, பிறகு பச்சையாக, பிறகு மஞ்சளாக இருந்ததே ஒரு கன்றல், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, வாரக்கணக்கில் அவள்தான் பார்த்தாள். பலகையில மோதிட்டேன் வேணி, என்றார். காரின் முன்பலகை நேராக இருக்கிறது. கன்றல் வளைந்திருந்தது. பாதி வட்டமாக, ஒரு பாத்திரத்தின் விளிம்பை அழுத்தி எடுத்ததுபோல. விரல் அந்த வளைவிலேயே போய் வந்தது, தினமும், இரண்டு வேளை. விரலுக்குத் தெரியாமலா இருந்தது? அவளுக்கு மட்டும் தெரியாமலா? தைலம் தீர்ந்ததும் வேறு புட்டி வாங்கி வரச் சொன்னாளே தவிர, இது என்ன வடிவம் என்று ஒரு நாள் கேட்டாளா…

"ஏறு வேணி, மழ விட்டுருச்சு."

பட்டறையில் நிமிர்த்தி வந்த காரில் ஏறினாள். இடது பக்கம். கதவு முன்னாலிருந்து பின்பக்கமாகத் திறக்கும் கதவு, அதை இழுத்துச் சாத்தும்போது தியாகு இதே பிடியைப் பிடித்திருப்பான் என்று தோன்றியது, இதற்கு முன் அப்படித் தோன்றியதில்லை, இதுவரை அவனை வலது பக்கத்தில்தான் உட்கார வைத்திருந்தாள் மனதுக்குள், சிரித்துக்கொண்டு, காற்றில் முடி பறக்க, கடைசியில் ஆசைப்பட்டதாவது கிடைத்ததே என்று ஒரு மூலையில் ஆறுதல்கூட வைத்திருந்தாள். அதையும் எடுத்துவிட்டார். அவன் ஓட்டவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து போனான், எப்போதும்போலக் கெஞ்சிக்கொண்டு. வீடு தாண்டியது, இவர் நிறுத்தவில்லை, செங் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடலாம், டயர் எப்படி இருக்குன்னு பாக்கணும்ல என்றார். பேசிக்கொண்டே ஓட்டினார். பின்னால கொஞ்சம் கூடக் காத்து அடிச்சிருக்கு, குலுக்கலத் தாங்குற டப்பாவுக்குள்ள கெட்டி எண்ண ஊத்தச் சொன்னேன், இப்ப பாரு, ஆடுதா? ஆடல பாத்தியா? அவர் முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ஒரு வெளிச்சம். ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டு வந்தன, போயின. ஏன் வெறுப்பு வரவில்லை? வரவேண்டுமே. இந்த மனுஷன் காலை எடுத்தார், தம்பி போனான், அது விதி, தவறு, யாருக்கும் நடக்கும், அதை மன்னிக்கலாம், அப்போதே சொல்லியிருந்தால் அழுது தீர்த்து மன்னித்திருக்கலாம். செத்தவன் கையில் கொண்டுபோய் ஸ்டேரிங்கைக் கொடுத்தாரே, அதை? விசாரணை என்று வந்திருந்தால் துரையின் நாற்காலி போயிருக்கும், தெரியும். சம்பளம், வீடு, எல்லாம் போயிருக்கும். அந்த வீட்டில்தானே அவள் இருக்கிறாள். அம்மாவும் அங்கேதான், மகன் போன பிறகு அம்மாவுக்கு வேறு வீடு ஏது…

வளைவு வந்தது. மரத்தில் பட்டை பெயர்ந்த இடம் கறுத்துப் போயிருந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. தரை ஈரம். அவள் கால் தானாகத் தரைப்பலகையை அழுத்தியது, பின்பக்கம் இப்போது போகும், இப்போது போகும் என்று காத்திருந்தாள், போகட்டும் என்றுகூட ஒரு கணம்… போகவில்லை. நாலு சக்கரமும் ரோட்டைக் கவ்விக்கொண்டு, கயிறு கட்டி இழுத்ததுபோல, கார் திரும்பி நேராக ஓடியது. அவர் கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். 

"பாத்தியா வேணி? டயருதான். அன்னிக்கு இந்த டயரு இருந்திருந்தா…" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க," என்றாள். "அன்னிக்கு யாரு ஓட்டுனது?"

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு பெரிய சத்தமில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

"என்ன கேட்ட?" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

மறுபடி கேட்கலாம். அதே சொற்கள்தான், நாலே சொல். "ஒண்ணுமில்ல," என்றாள். அவர் கியரைப் போட்டார், காரைத் திருப்பினார், திரும்பும் வழியெல்லாம் டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பதில், அவருக்குக் கேட்டிருந்தது. கேட்கவில்லை என்று அவர் நடித்தபோது அவள் நெஞ்சில் ஏதோ இறங்கிற்றே, அது பயமா, நிம்மதியா? நிம்மதி என்றால் அவளும்… இல்லை, நிம்மதி இல்லை, களைப்பு. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அம்மா தனியாக இருக்கும்போது சொல்லலாம். நாளைக்கு. அடுத்த வாரம். சொன்னால் அம்மா என்ன செய்வாள், மகனின் பேரில் கோபப்பட்டுக் கோபப்பட்டுத்தான் உயிரோடு இருக்கிறாள், துடுக்குப் பயலே, சொன்ன பேச்சு கேக்காத பயலே என்று படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள், அதையும் பிடுங்கிக்கொண்டால்…

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அஞ்சலை வாயைத் திறந்தால் ஒரு காலத்தில் கோயில் பந்தலில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு குரல், இப்போது தொண்டைக்குள்ளேயே பேசுகிறாள். விபத்துக்குப் பிறகு காரின் பக்கம் இதுவரை வந்ததில்லை. இன்று வந்தாள். கமலவேணி இறங்கின பிறகும் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சா மாப்ள?"

"சரியாயிடுச்சு அத்தை. இனிமே வழுக்காது."

அம்மா கையை நீட்டி இடது பக்கத்து சீட்டைத் தொட்டாள். தோல் இன்னும் சூடாக இருந்திருக்கும், கமலவேணி அப்போதுதான் எழுந்தாள். உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள், சந்தையில் துணியின் தரம் பார்ப்பதுபோல. வலது பக்கத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, அங்கே அவள் மகன் இருந்தான்.

"இங்கதான மாப்ள நீங்க ஒக்காந்திருந்தீங்க? சாமி ஒங்கள இங்க ஒக்கார வச்சிருச்சு. இல்லேன்னா எம்மவ கதி?"

ராஜரத்தினத்தின் கை ஸ்டேரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. கமலவேணியைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், சொல்லிவிட வேண்டும் என்று அந்த முகம் தவித்தது, அதை அவள் பார்த்தாள், இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் போதும்…

"ஆமாம்மா," என்றாள். "இங்கதான் ஒக்காந்திருந்தாரு."

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். வாசலில் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், என்ஜின் சூட்டில் மழைத்துளி பட்டு ஆவி எழுந்துகொண்டிருந்தது, கேட்டது அவரைத்தானே, பதில் எப்படி அவள் வாயில் இவ்வளவு தயாராக இருந்தது, எத்தனை நாளாக…