உதாரணம் மூன்று

ஒரு பெண் என்னை நம்பிச் சொன்ன ரகசியத்தை நான் விற்ற விலை, இருபத்திரண்டு பேரின் சிரிப்பு. பேரம்கூடப் பேசவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வருஷம் ஒரு புது விதி வந்தது. நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கிற இளைய பிசியோக்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு மணி நேரம் ஒரு மூத்தவரோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். தொழில்முறை மேற்பார்வை என்று அதற்குப் பெயர். கேட்டால் பிரம்போடு நிற்கிற வேலை மாதிரி இருக்கும். விஷயம் நேர் எதிர். இளையவர் வேலையில் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்வார், மூத்தவர் காது கொடுப்பார். மார்க் கிடையாது, மேலிடத்தில் போட்டுக் கொடுப்பது கிடையாது. வருஷத்துக்குப் பன்னிரண்டு மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு வாய்த்தவள், வார்டில் எல்லாரும் 'குட்டி பிசியோ' என்று கூப்பிடுகிற பெண். முதல் நாலு மாதத்தை "எல்லாம் நல்லா போகுது சார்" என்றே ஓட்டினாள். ஐந்தாம் மாதம் நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதாள்.

"சார், ஆள் மாத்தி எக்ஸர்சைஸ் குடுத்துட்டேன்."

நீண்ட காய்ச்சலில் கிடந்து கால் வலுவிழந்த ஒரு பெரியவர். அவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில், பார்க்க வந்த அவருடைய தம்பி காலியான கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக் கண்ணயர்ந்திருக்கிறார். கையிலுள்ள பெயர்ப்பட்டையைப் பார்ப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். இவள் பார்க்கவில்லை. வெளியே நீட்டியிருந்த காலைப் பிடித்தாள். இருபது நிமிஷம் மடக்கு, நீட்டு. விழித்துக்கொண்ட அந்த மனிதரும் மரியாதைக்காக மடக்கி, மரியாதைக்காக நீட்டியிருக்கிறார். நிஜ நோயாளி சக்கர நாற்காலியில் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அவனுக்கும் முட்டி வலிதாம்மா. முடிச்சிட்டே வா, எனக்கொண்ணும் அவசரமில்ல."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சிரிப்பு வரும் சார், எனக்கே தெரியுது. ஆனா நாலு நாளா அவருக்கு நான்தான் பண்ணிட்டு இருந்தேன். ஒரு நாள்கூட முகத்தைப் பாக்கல சார். காலை மட்டும்தான் பாத்திருக்கேன். முகம் தெரிஞ்சிருந்தா ஆள் மாறுமா?"

"இந்த ரூமை விட்டு இது வெளிய போகாதும்மா," என்றேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

இரண்டே வாரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். மேற்பார்வைக்குப் புதியவர்களுக்காக ஒரு கையேடு எழுதி, ஒரு வகுப்பும் எடுக்க வேண்டுமாம். "உங்க வாய் யாருக்கு வரும்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் சொத்தையே எழுதிக் கொடுப்பேன்.

எட்டுப் பக்கம் எழுதினேன். உதாரணம் ஒன்றும் இரண்டும் உப்புச் சப்பில்லாமல் கிடந்தன. மூன்றாவதாக அவள் சரக்கை எடுத்து உறையை மாற்றினேன். பெண்ணை ஆணாக்கினேன், தம்பியை மச்சானாக்கினேன், எக்ஸ்ரேயை ஸ்கேனாக்கினேன். அழுகை நகைச்சுவைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதையும், முகம் பார்க்காத பேச்சையும் எடுத்துவிட்டேன்.

வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இது யாரு உங்ககிட்ட சொன்னது?" என்றாள்.

"கற்பனைதான்."

"உங்களுக்கேது இவ்வளவு கற்பனை?"

வகுப்புக்கு வருவோர் பட்டியலில் குட்டி பிசியோவின் பெயர் இருந்தது. பார்த்தேன். உறைதான் மாறிவிட்டதே என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

அறையில் இருபத்து மூன்று பேர். மச்சான் காலை மடக்கிய இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். வார்டின் பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அட, நம்ம ஏழாம் கட்டில் பெரியவர் கதையால்ல இருக்கு! 'என் தம்பிக்கு ஓசியில வைத்தியம்'னு சொல்லிட்டே இருந்தாரு. நான் சும்மா விளையாடுறாருன்னு..." என்றவர் பாதியில் நிறுத்தி, இரண்டாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தார்கள்.

குட்டி பிசியோ எழுந்தாள். "ஒரு சந்தேகம் சார். அந்த பிசியோவுக்கு ஏன் ஆள் மாறிச்சுன்னு எழுதலையே?"

"அது... அவசரம்தாம்மா."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உரக்க வாசிக்க வேண்டிய முதல் வரி, நானே எழுதியது: 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்.' வாசித்தேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். "ஒரு பிழை இருக்கு, திருத்தித் தரேன்" என்று சொல்லிச் சொல்லிக் கையேடுகளைத் திரும்ப வாங்கினேன்.

"ஒரு பிழைதானா தம்பி?" என்று கேட்டு என் கையில் வைத்தார் பெரிய சிஸ்டர்.

அவள் கடைசியாக வந்தாள்.

"அதையும் குடுத்துடும்மா."

"எதுக்கு சார்? இது என்னோடதுதானே." நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"யாருன்னு தெரியக் கூடாதுன்னு எல்லாத்தையும் மாத்தித்தாம்மா..."

"மத்ததெல்லாம் மாத்தினீங்க சார். முகத்தை மட்டும் எடுத்தே போட்டுட்டீங்க."

"தப்புதாம்மா. மன்னிச்சிடு."

"பரவால்ல சார்," என்றாள். சில்லறை இல்லை என்று சொல்லும் கடைக்காரரிடம் சொல்வது போல.

வேறு மூத்தவரைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் ஏன் என்று எழுதித் தர வேண்டும். அதற்கும் என் பெயரை இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. ஆறாம் மாதம் அதே அறைக்கு, சொன்ன நேரத்துக்கு வந்தாள். கதவை அவளே சாத்தினாள்.

"சொல்லும்மா."

"எல்லாம் நல்லா போகுது சார்."

ஏழாம் மாதமும் நல்லா போனது. எட்டாம் மாதமும். மணி முடியும்வரை இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

வருஷக் கடைசியில் நோட்டைக் கூட்டினேன். ஒப்புக்கொண்டது பன்னிரண்டு மணி, கையெழுத்து பன்னிரண்டு. அவள் பேசியது ஒரு மணி. அச்சடித்த கையேடு இருபத்து மூன்று. திரும்பி வந்தது இருபத்திரண்டு.