கப்பலின் அடிவயிற்றில் விழுந்த அடி

நஸீஹா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாளா? தாரிஃபா துறைமுகத்தில் கப்பலின் கயிறு அவிழ்க்கும்போதே மேல்காற்றில் அலை மூன்று மீட்டரைத் தாண்டியிருந்தது. அந்த அலைக்கு வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது விதி. குறைத்தால் எதிர்க்கரைத் தாஞ்சியர் சேர்வதற்குள் நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

"ரையிஸ், கொஞ்சம் விரட்டுங்க. வீட்லயே போய் நோன்பு திறந்துரலாம்," என்று கேப்டன் பூசல்ஹாமிடம் சொன்னது துணை அதிகாரியான அவள்தான்.

"ஹரீரா சூப்புச் சட்டி கூப்பிடுதோ?" என்று சிரித்துக்கொண்டே அவர் வேகத்தைக் கூட்டினார்.

பாதிக் கடலில் விழுந்தது அடி. அந்தக் கப்பலுக்கு இரண்டு உடல்கள். அவற்றை இணைக்கும் நடுத்தட்டின் அடியில் அலை சம்மட்டியாய் அறைந்தது. பயணிகள் வீறிட்டார்கள். முன்னறையில் தண்ணீர் என்று அலாரம் அலறியது. அவள் கணவன் தௌஃபீக்தான் இன்ஜினியர். கைவிளக்கோடு உடனே உள்ளே இறங்கிவிட்டான்.

அடுத்த அடியில் அவன் இறங்கிய வழியின் மேல்மூடி அடித்துச் சாத்திக் கோணிக்கொண்டது.

"நஸீஹா, மூடி திறக்க மாட்டேங்குது," என்றான் வாக்கிடாக்கியில். "தண்ணி முட்டிக்கு மேல வந்துருச்சு."

பதறிப்போன ரையிஸ் வேகத்தை ஒரேயடியாகக் குறைக்கப் போனார். அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சட்டுனு குறைக்காதீங்க! கப்பல் மூக்கு கவுந்துரும். அடுத்த அலை அவர் தலை மேலதான் விழும்!"

ஒவ்வொரு அலையாகப் பார்த்து, இடைவெளியில் மட்டும் வேகத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். யா அல்லாஹ், அவரைக் கொடுத்துடு, அவரைக் கொடுத்துடு என்று உதடு முணுமுணுத்தது. மறுபடி ஒரு அடி. வாக்கிடாக்கி செத்துப்போனது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், பதில் இல்லை. அழக்கூட நேரமில்லை, அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. கீழே மாலுமிகள் கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள்.

கப்பல் ஒருவழியாக அடங்கியபோது, நெற்றியில் ரத்தம் வழிய, நெம்பித் திறந்த மூடி வழியாக ஏறி, தௌஃபீக் கப்பலோட்டும் அறைக்கு வந்தான்.

"எந்த மடையன் இந்த வேகத்துல ஓட்டச் சொன்னது?" என்று ரையிஸைப் பார்த்துக் கத்தினான்.

ரையிஸ் தலையைக் குனிந்துகொண்டார். நஸீஹாவும் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும்.

"நான்தான் சொன்னேன்," என்றாள்.

ரத்தம் துடைக்க அவள் நீட்டிய துண்டை வாங்காமல் தௌஃபீக் கதவருகிலேயே நின்றான்.