சோகையானுக்கு அணைத்த கற்பூரம்

சோகையானை முதலில் பார்த்தவன் செந்தமிழ்செல்வன். பார்த்ததோடு விடாமல் போனில் படமும் பிடித்துவிட்டான். கும்மிருட்டில் கரும்புத் தோகைகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கும் மேலே இரண்டு சிவப்புக் கண்கள். பின்னால் "ஐயோ, ஐயோ" என்று அவன் குரல். வீடியோவில் இருந்தது அவ்வளவுதான். மறுநாளைக்குள் நெல்லிக்குப்பத்திலிருந்து பெண்ணாடம் வரை கரும்பு போட்ட ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் வளரவும் வளர்ந்தது. காய்ந்த கரும்புச் சோகையை உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு இரண்டு காலில் நடக்கிறதாம். அதைக் கண்டால் நாய் குரைக்காதாம். ஆட்டைத் தின்னாதாம், ரத்தத்தை மட்டும் உறிஞ்சுமாம். கடலூரிலிருந்து யூடியூப்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து, பட்டப்பகலில் பயந்த முகத்தோடு பேட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெளியூர்க்காரர்கள் நம்பினார்கள். சொந்த ஊரில்தான் சிரிப்பு. "அன்னைக்கு எத்தினி குவாட்டரு செல்வா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதுதான் வெண்மதிக்குப் பொறுக்கவில்லை.

வெண்மதி அவனுடைய ஒரே தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. புருஷன் இளவரசு சிதம்பரத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். வாரத்துக்கு ஒருமுறை மாவு வாசனையோடு வந்து, தூங்கி எழுந்து போவான். அப்பா செத்த பிறகு, ஊரில் எல்லா அண்ணன்களும் தங்கைகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பியபோது, செல்வன் மட்டும் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தான். இரண்டு பங்குக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார். ஒரு ராத்திரி அவன் முறை, மறு ராத்திரி அவள் முறை. ராத்திரியில்தான் அந்த லைனுக்கு மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் வரும். புருஷனின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, மண்வெட்டியும் டார்ச்சுமாக அவளே போய்த் தண்ணீர் பாய்ச்சுவாள். பங்கு கொடுத்த அண்ணன் என்ற பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அவனை ஒருத்தர் கேலி பேசினால் அவளுக்குக் கண் சிவந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள். "எங்க அண்ணன் பொய் பேசாது. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாள்.

அந்தப் பக்கத்தில் கற்பூரம் அணைந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அதுவும் அணைத்தது யார்? தன் ஆடு அடுத்தவன் கொல்லையில் மேய்ந்தால் தானே போய்ச் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டு வருகிறவள். டீக்கடை வாயை மூடியது. இருட்டோடு எழுந்துபோய் மல்லி மொட்டு பறிக்கிற முத்தம்மாள், "நீயே சொல்லிட்ட, அப்புறம் என்னா மதி" என்று கொல்லைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். விடிந்து போய்ப் பறித்தால் பாதி மலர்ந்திருக்கும். மலர்ந்த பூவை எவன் வாங்குவான்? மற்றப் பெண்களும் அப்படியே. பகலில்கூடக் கரும்புக்குள் கால் வைக்க ஆள் இல்லை.

வெண்மதிக்கும் பயம்தான். தன் முறை வந்த ராத்திரி டார்ச்சைக் கையில் எடுத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செல்வன் வந்தான்.

"நீ எதுக்கும்மா போற? ஒன் மொறைக்கும் நானே போயி மோட்டார் போட்டு மடைய திருப்பி உடறேன். பாத்தவன் நான், எனக்கென்னா பயம்?"

 அவள் உடனே இளவரசுவுக்குப் போன் போட்டு, "அண்ணன்னா இதுதாங்க அண்ணன்" என்றாள். பரோட்டாக் கல்லின் சத்தத்துக்கு நடுவே அவனும் "ஆமாமா" என்றான்.

பங்குனி வெயில் ஏறியது. அவள் கரும்பில் தோகை சுருள ஆரம்பித்து, நுனி கருகி, கணு குட்டையாகிவிட்டது. அவள் கேட்டதற்கு, "கீழ தண்ணி எறங்கிப் போச்சி மதி. ஜாஸ்தி நேரம் ஓடுது, வாய்க்கா நனையறதுக்குள்ள கரண்ட் பூடுது. எனக்கும் அதே கதிதான்" என்றான். அவன் வயல் மோட்டார் கொட்டகைக்கு அப்பால், உள்ளே தள்ளி இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் மாட்டுக்குத் தோகை ஒடிக்கப் போனாள். அவள் பக்கத்தில் பச்சைத் தோகையே இல்லை. அண்ணன் வயல்தானே என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டகையைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். கணுக்கால் வரைக்கும் சேற்றில் புதைந்தது. தலைக்கு மேலே கரும்பு கருகருவென்று நின்றது. வெயில் படாத அந்தக் குளிர்ச்சியில் அவளுக்கு உடம்பு நடுங்கியது. சோகையானை நினைத்து அல்ல.

திரும்பி ஓடிவந்து தன் வாய்க்கால் மடையைப் பார்த்தாள். மண் அணைத்து மூடியிருந்தது. அந்த மண் மேல் புல் முளைத்து, பூவும் விட்டிருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மடை திறந்து திறந்து மூடியிருந்தால் புல் எங்கிருந்து வரும்? அவள் முறை ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.

மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குள் போனாள். மூலையில் ஒரு நீள மூங்கில் கழி சாத்தியிருந்தது. அதன் தலையில் இரண்டு வட்டச் சிவப்பு ரிப்ளெக்டர்கள், கரும்பு டிரெய்லரின் பின்னால் ஒட்டுகிற சாதி, பக்கம் பக்கமாக ஆணி அடித்து வைத்திருந்தது. போன் லைட்டை அடித்துப் பார்த்தாள். சோகையான் அவளைப் பார்த்தான்.

செல்வன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கழியை அவன் தட்டுக்கு எதிரே போட்டாள். அவன் மறுக்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்தான்.

"போர்ல இருக்கிற தண்ணி ரெண்டு பேருக்கும் பத்தாது மதி. ரெண்டும் காயறதுக்கு ஒண்ணாவது தேறட்டுமேன்னு பாத்தேன்."

"அந்த ஒண்ணு ஏண்ணா என்னுதா இருக்கக் கூடாது? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நெலத்துல பாதி குடுத்தேன். தண்ணியிலயும் பாதி குடுக்கணுமா? வெளிய போயி சொல்லித்தான் பாரேன். கற்பூரம் அணைச்சது நானா, நீயா?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். கொப்புளம் ஆறி உள்ளங்கையில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் போனதுகூடப் பெரிதில்லை. ஊர் அவள் வார்த்தையை நம்பும் என்று தெரிந்தே அவன் அவளுக்கு எதிரில் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறான். 

வெள்ளிக்கிழமை மறுபடியும் கோயிலுக்குப் போனாள், கழியோடு. எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நான் அணைச்ச சத்தியம் பொய். எங்க அண்ணன் என்னிய ஏமாத்திடுச்சி. சோகையானும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க பயப்படாம கொல்லைக்குப் போங்க."

செல்வனை யாரோ கூட்டிக்கொண்டு வந்தார்கள். "அது வண்டிக்கு மாட்ட வச்சிருந்த ரிப்ளெக்டரு" என்றான். வெண்மதி தட்டில் கற்பூரத்தை ஏற்றி அவன் முன்னால் நீட்டினாள்.

"அப்ப அணை. பாத்தேன்னு சொல்லி நீ அணைச்சிட்டா நான் பேசாம போயிடறேன்."

அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, பாவம். அம்மன் முன்னால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் அதைச் செய்ய மாட்டான் என்று நினைத்தாள். செல்வன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"சத்தியமா பாத்தேன்."

ஊர் மூங்கில் கழியை நம்புமா, அணைந்த கற்பூரத்தை நம்புமா? "பங்கு குடுத்தவன் மேலயே பழி போடுது பாரு" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.  முத்தம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்து போனாள். வெண்மதி சொன்ன பொய்யை நம்பிய ஊர், அவள் சொன்ன உண்மையை நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் தன் முறைக்குத் தானே போனாள். மடை மேல் இருந்த புல்லை வெட்டி எறிந்துவிட்டுத் தண்ணீரைத் திருப்பினாள். காய்ந்ததில் கால்வாசியாவது தேறும் என்று தோன்றியது.

ஒருநாள் காலையில் முத்தம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். பழைய பழக்கம், பயம் வந்தால் இங்கேதான் வருவாள். "மதி, இத பாத்தியா? இப்ப பொம்பள சோகையான் வந்திருக்குதாம்!" என்று போனை நீட்டினாள்.

கரும்பு ஓரத்தில் ஒரு உருவம் குனிந்து நிமிர்ந்தது. தோளில் ஏதோ நீளமாக இருந்தது. புடவைக்கு மேல் தொளதொளவென்று ஒரு ஆம்பளைச் சட்டை. படம் பிடித்தவன் மூச்சிரைக்க, "கிட்ட போவாதீங்க மக்களே, ரத்தம் குடிக்கும்" என்றான்.

சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது, பின்னால் ஓடிவந்துகொண்டே "பயப்படாத மதி, நான் புடிச்சிருக்கேன்" என்று சொன்ன அதே குரல்.

"அது நான்தான்க்கா" என்றாள் வெண்மதி.

முத்தம்மாள் போனை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். பிறகு ஓட்டமாகப் போய்விட்டாள். வெண்மதி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். அன்றைக்கு அவள் முறை. சாயங்காலம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு கிளம்பினாள். எதிரே வந்தவர்கள் ரோட்டை விட்டு இறங்கி வழி விட்டார்கள்.