விழத் தெரிந்தவன்

...அழலாம்தான், ஆனால் அழுதாலும் சிரித்துவிடுவார்களே என்பதுதான் பயம், தேவாலயத்திலிருந்து சவப்பெட்டியைத் தூக்கி வரும்போது படியில் கால் லேசாக இடறியதற்கே பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அதை இருமலாக்கிக்கொண்டார்கள், ஸ்டெய்னாருக்கு அவர்கள் மேல் கோபமில்லை, பத்தொன்பது வருடமாக வெள்ளிக்கிழமை மாலைகளில் டாக்கோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவனையும் ஓட்வினையும் டிவியில் பார்த்துச் சிரித்தவர்கள், பழக்கம் எங்கே போகும்... பனிமலை, ஆறு, கடல் என்று இரண்டு பேர் கிளம்புவார்கள், ஒருவன் விழுவான், மற்றவன் திட்டிக்கொண்டே தூக்கிவிடுவான், அவ்வளவுதான் தொடர், அதற்கு ஒரு நாடே சிரித்தது. தூக்கிவிடுகிறவன் இதோ ஊர் மண்டபத்தில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறான், விழுகிறவன் மண்ணுக்குள். மேசையில் இறால் வைத்த ரொட்டி, ஈரக் கம்பளி வாடை, ஜன்னலுக்கு வெளியே மதியத்திலேயே இருட்டிக்கொண்டிருக்கும் ஃபியோர்டுக் கடல், அதைப் பார்க்காதே, இந்தப் பக்கம் திரும்பு... திரும்பினால் படகுத்துறை ஹல்வார்ட் தோளில் ஓங்கித் தட்டுகிறான். "டேய் ஸ்டெய்னார், அந்தச் சாணிக்குழி ஞாபகமிருக்கா? மாப்பிள்ளை கோட்டோட தொபுக்கடீர்னு விழுந்தானே! எங்கம்மா சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு காபிக்குள்ள போயிடுச்சுடா!" மேசையே குலுங்கியது, ஸ்டெய்னாரும் சிரித்தான், முகம் கேட்காமலே அந்த வடிவத்துக்குப் போய்விட்டது, அந்தக் குழியில் விழுவதற்காக ஓட்வின் காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது இவர்களுக்கு எங்கே தெரியும், எடை முழுதும் இடது குதிகாலில், தாடை உள்ளே, மூச்சு அடக்கி... "விழறது சுலபம்டா, எதிர்பாக்காத மாதிரி முகத்த வெச்சுக்கறதுதான் வேலை" என்பான். கேமரா நின்றபின் அந்த முகம் எங்கே போகும்? வேனில் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்வான், தூங்குகிறான் என்று நினைத்தான் ஸ்டெய்னார், எல்லாப் பயணத்திலுமா ஒருவன் தூங்குவான்... போன இலையுதிர் காலத்தில் இன்னொரு சீசன் கேட்டு ஆள் வந்தபோது, "இன்னும் எத்தன வாட்டிடா விழறது?" என்றான் ஓட்வின். நல்ல வசனம், எழுதி வை என்று சொல்லிச் சிரித்தது யார், நான்தானே.

சமையலறைக் கதவிடுக்கில் யோரூன் தலையசைத்துக் கூப்பிட்டாள், ஓட்வினின் மனைவி, வந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டவள். துடைக்கும் துணியை அவனிடம் கொடுத்தாள், திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "அவன் படகெடுத்துட்டுப் போன அன்னிக்குக் கடல் தட்டு மாதிரி கெடந்துச்சு. காத்தே இல்ல. லைஃப் ஜாக்கெட்ட மடிச்சுப் பலகை மேல வெச்சிருக்கான். போலீஸ் விபத்துங்கறாங்க." கோப்பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவன் விழறத உன்னளவு பாத்தவங்க யாருமில்ல. நீ சொல்லு ஸ்டெய்னார். விழுந்தானா?" கண்ணைப் பார்த்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ, அவளுடைய முதுகைப் பார்த்துப் பொய் சொல்வது... பொய்யா இது, பொய் என்று யார் சொன்னது? "விழுந்துட்டான், யோரூன். படகு விளிம்பு வழுக்கும். யாருக்கும் வழுக்கும்." அவள் கோப்பையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள். "சரி. பிள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிடறேன்."

அவன் துடைத்தான், துடைத்துக்கொண்டே தேடினான், ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று போதும், ஏரிமேல் பனி உடைந்தது, ஏணி, குதிரை, லோஃபோட்டனில் மீன் காயப்போடும் சட்டத்திலிருந்து தலைகீழாக... இல்லை, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தவை, நாளும் இடமும் குறித்தவை, கேமரா இல்லாதபோது? பனி உறைந்த வண்டி நிறுத்துமிடத்தில் மொத்தக் குழுவும் வழுக்கி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடும், ஓட்வின் மட்டும் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி, வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்து வருவான். தவறி விழுந்த ஓட்வினை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.