கால்மாட்டில்

வெந்நீர் ஆறுவதற்குள் அம்மாவின் காலைத் துடைத்துவிடலாம் என்று மூத்தவள் போர்வையை விலக்கி சாக்ஸை உருவினாள். குதிகாலைத் தாண்டிச் சுலபமாக வந்த சாக்ஸ், விரல்களிடம் வந்ததும் மாட்டிக்கொண்டது. மெல்ல இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. உள்ளே கையை விட்டுத் தடவினாள். அம்மாவின் ஐந்து விரல்களும் உள்ளங்காலை நோக்கி மடங்கி, கம்பளி நூலைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. அடுத்த காலையும் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

"இந்த சாக்ஸ் எப்போ போட்டீங்க?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"முந்தாநாள் சாயங்காலம்க்கா. கால் சில்லுன்னு இருந்துச்சு."

"அம்மாவுக்கு வலி இருக்கு."

வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அது. சின்னப் பெண், நல்ல பெண். எழுந்து வந்து அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "முகம் எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க. ரெண்டு நாளா ஒரு முனகல்கூட இல்லையே."

"முகத்தை விடுங்க."

முகத்தை நம்பாதே என்பதுதான் அம்மா முப்பத்து நான்கு வருஷம் பிரசவ வார்டில் இருந்து கண்டுபிடித்த ஒரே சித்தாந்தம். அங்கே அவளுக்குப் 'பெரிய சிஸ்டர்' என்று பெயர். வலி எடுத்த பெண்ணின் தலைமாட்டில் மாமியார், அக்கா, நாத்தனார் என்று ஒரு கூட்டமே நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய சிஸ்டர் மட்டும் கால்மாட்டில் நின்று விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "கத்துறவளுக்கெல்லாம் வலி அதிகம்னு இல்ல. வாயை மூடிட்டு இருக்கிறவளுக்கு வலி இல்லைன்னும் இல்ல. முகத்துக்கு ரோஷம் உண்டு, கூச்சம் உண்டு. கால் விரலுக்கு அதெல்லாம் தெரியாது" என்பாள். வலி வரும்போது விரல் மடங்கட்டும், அது பாட்டுக்கு நடக்கும். இடுப்பைத் தேய்த்துவிடு, நடக்க வை, பேச்சுக் கொடு. ஆனால் ஒரு வலி போய் அடுத்த வலி வருவதற்குள் விரல்கள் விரியவில்லை என்றால், அவளால் இனி முடியாது என்று அர்த்தம். அப்போது டாக்டரை விரட்டிப் பிடித்து வலி தணிக்கும் ஊசி போட வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

வார்டில் கற்றதை வார்டோடு விட்டுவிட்டு வருகிற ஆளா அவள்? பள்ளிக்கூடம் போக முடியாதபடி வயிறு வலிக்கிறது என்று பிள்ளைகள் சுருண்டு படுத்தால், நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். போர்வையைக் காலிலிருந்து தூக்குவாள். "கிளம்பு, பஸ் வந்துடும்" என்பாள், அவ்வளவுதான். தம்பி கெட்டிக்காரன். சூட்சுமத்தைப் புரிந்துகொண்டு, ஒரு நாள் விரல்களை மடக்கிவைத்துக்கொண்டே படுத்திருந்தான். அவசரத்தில் ஒரு காலை மறந்துவிட்டான். அம்மா போர்வையைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள். "ஒத்தக் கால்ல மட்டும் வர்ற வயித்து வலியை என் சர்வீஸ்லயே இப்பதான்டா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு 'ஒத்தக்கால்' என்றே பெயர். மீசை முளைத்த பிறகும், கல்யாணம் ஆன பிறகும் மாறவில்லை. எத்தனை நல்ல நாட்கள் அவை என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். சமையலறை வரைக்கும் கேட்ட அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க முடிந்தால் போதும் என்று இருந்தது.

அப்படிப்பட்ட பெரிய சிஸ்டர் சறுக்கியது ஒரே ஒரு பிரசவத்தில். அது மூத்தவளின் பிரசவம். அன்று அம்மாவுக்கு லீவு. சொந்த மகளின் பிரசவத்தில் கைவைக்கக்கூடாது என்று தலைமாட்டில் நின்று தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். டியூட்டியில் இருந்த சின்ன சிஸ்டரோ, பெரியவங்க இருக்கும்போது நாம் முந்திக்கொள்ளக்கூடாது என்று அம்மா கண்காட்டுவதற்காகக் காத்திருந்தாள். அம்மாவோ, டியூட்டியில் இருப்பவள் முடிவு செய்யட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. மருந்து ஏற்றிய ஊசி தட்டில் தயாராக இருந்தது. இருவருடைய மரியாதைக்கும் நடுவில் மூத்தவள் நாலு மணி நேரம் அலறினாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான்டி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வார்த்தையை மூத்தவள் லேசில் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அம்மா ஸ்டூலைக் கால்மாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விரல் மடங்குது பாரு. அவன் நுனியை மட்டும் கடிக்கிறான். வாயோரமா உன் விரலை விட்டு எடு. வாயை நல்லா திறக்கட்டும், அப்புறம் போடு."

"பரவால்லம்மா, பொறுத்துக்கிறேன்."

"பால் குடுக்கிறதுல பொறுத்துக்க என்னடி இருக்கு? எடு."

ஆறு தடவை எடுத்து, ஏழாவது தடவை குழந்தை வாய் நிறையக் கவ்வியபோது மூத்தவளின் விரல்கள் தாமாக விரிந்தன. அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு நான் இந்தப் பக்கம் வந்து நின்னிருக்கணும். பாக்க எனக்கு தைரியம் வரல."

மூத்தவள் காலை அம்மாவின் மடிப்பக்கம் நீட்டிக்கொண்டாள்.

இப்போது அலமாரியில் ஊசி மருந்து தயாராக இருந்தது. வலி என்று தெரிந்தால் போடலாம் என்று டாக்டர் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் நர்ஸ் தயங்கினாள்.

"போட்டா நல்லா தூங்கிடுவாங்கக்கா. இந்த நிலைமைல திரும்ப முழிச்சுப் பேசுவாங்கன்னு சொல்ல முடியாது. உங்க தம்பி ஆறு மணிக்கு வந்துடுவாரில்ல?"

மணி பன்னிரண்டே கால். தம்பி ரயிலில் இருந்தான். காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டு, நான் வரும்வரை அம்மாவைத் தூங்க வைத்துவிடாதே, ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கெஞ்சியிருந்தான். இரண்டு வருஷமாக இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று தள்ளிப்போட்டவன்.

மூத்தவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, வலிக்குதா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "இல்ல" என்றாள். பிறகு, "ஒத்தக்கால் வந்துட்டானா?" என்று கேட்டாள்.

"வந்துட்டே இருக்கான்மா."

அம்மாவின் முகம் சாந்தமாக இருந்தது. மூத்தவள் நிமிர்ந்து, கால்மாட்டுக்கு வந்து, விரல்களிலிருந்து சாக்ஸை மெல்ல விடுவித்து எடுத்துவிட்டு, நின்று பார்த்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். விரல்கள் விரியவே இல்லை. மகனுக்காகத்தான் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று புரிந்தபோது அவளுக்குக் கண் மறைத்தது. போனை எடுத்தாள்.

"ஊசி போடப் போறோம்டா."

"அக்கா, ப்ளீஸ். இன்னும் கொஞ்ச நேரம்தானே? பாதி தூரம் வந்துட்டேன்."

"கால் விரல் மடங்கியிருக்குடா."

ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

"ஒரு காலா, ரெண்டு காலா?" என்றான் தம்பி.

"ரெண்டும்."

"போடச் சொல்லுக்கா" என்றான். பேசி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"காதுல வைக்கிறேன், அம்மாகிட்ட பேசு." அம்மாவின் காதில் போனை வைத்தாள். என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அம்மா, "சாப்பிட்டியாடா?" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, சரி" என்றாள்.

நர்ஸ் ஊசி போட்டாள். மூத்தவள் ஸ்டூலைக் கால்மாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக. கட்டை விரல்தான் கடைசிவரை முறைத்துக்கொண்டு நின்று, பிறகு அதுவும் விட்டுக்கொடுத்தது. "நான் சாக்ஸைக் கழட்டிப் பாத்திருக்கணும்க்கா" என்றாள் நர்ஸ். "உங்களுக்கு எப்படித் தெரியும்? இது எங்கம்மாவோட வைத்தியம்" என்று மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலே கால் மணிக்கு அம்மாவின் மூச்சு நின்றது. நர்ஸ் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டு, போர்வையைக் காலுக்கு இழுத்தாள்.

"காலை மூட வேண்டாம். தம்பி வரட்டும்" என்றாள் மூத்தவள்.

அவன் வந்தபோது ஆறரை ஆகியிருந்தது. தகவல் ரயிலிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, தோளில் பையோடு உள்ளே வந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் விலகி அவனுக்குத் தலைமாட்டில் இடம் விட்டார்கள். அவன் அங்கே போகவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்து, குனிந்து பார்த்தான். பத்து விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தளர்ந்து விரிந்திருந்தன.

"நல்லா இருக்குக்கா" என்றான். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பயணத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னான்.

மூத்தவள் தரையைப் பார்த்தாள். அவனுடைய வெறுங்கால்களில், இரண்டிலும், விரல்கள் மடங்கியிருந்தன.